பிள்ளைகளையும் வளர்த்து, தஞ்சாவூர் ஓவியத்தையும் தொழிலாக்க: முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், பாபநாசம், திருவையாறு, மன்னார்குடி என்று எங்கள் பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும், வகுப்புக்குப் போய்த் தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொண்ட பெண்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். முதல் படம், பிள்ளையாரோ தவழும் கிருஷ்ணரோ, கூடத்தில் மாட்டியிருக்கும். இரண்டாவது படம் பரணில் பாதியில் கிடக்கும்.

கை வராததால் அப்படிக் கிடப்பதில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று யாரும் சொல்லித் தராததால்தான். நான் இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே பதினொரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். ஆறு வருடமாக வீட்டிலேயே கற்றுத் தருகிறேன். வந்தவர்கள் இடறிய இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அந்த இடங்களை வைத்தே இதை எழுதுகிறேன். வரையத் தெரிந்தவர்களுக்கான வழிகாட்டி இது. வரையக் கற்றுக்கொடுப்பது இதன் வேலை இல்லை.

1. ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வையுங்கள்

பொருள் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. ஒரு நோட்டில் ஏழு நாட்களுக்கு, உங்கள் கை எப்போது ஓய்ந்தது என்று மணி போட்டு எழுதுங்கள். காலை பிள்ளைகள் போன பிறகு 9.40 முதல் 11 வரை, மதியம் 2 முதல் 3.15 வரை, இரவு 9.30க்குப் பிறகு, இப்படி.

பக்கத்திலேயே இன்னொன்றும் குறியுங்கள்: அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டார்களா? கை ஓய்ந்த நேரம் வேறு, யாரும் கூப்பிடாத நேரம் வேறு. முதலாவது தினமும் மூன்று மணி நேரம்கூடக் கிடைக்கும். இரண்டாவது பெரும்பாலான வீடுகளில் ஒன்றே கால் மணி நேரத்தைத் தாண்டாது. இந்த இரண்டு கணக்கும் 4ஆம் படியில் தேவைப்படும், அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் சொல்வது, "நேரம் கிடைக்கும்போது செய்துக்குறேன்." நேரம் தானாகக் கிடைக்காது. எந்த மணி உங்களுடையது என்று தெரிந்தால்தான் அதை வீட்டில் கேட்டு வாங்க முடியும்.

2. வீட்டில் பேசுங்கள், மணியைச் சொல்லிப் பேசுங்கள்

"நான் ஓவியம் செய்யப் போறேன், கொஞ்சம் ஒத்தாசையா இருங்க" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நாலாம் நாள் எதுவும் மாறியிருக்காது. "செவ்வாய், வியாழன் காலை பத்திலிருந்து பதினொன்றே கால் வரை என்னைக் கூப்பிடாதீங்க. காஸ்காரர் வந்தா நீங்க பார்த்துக்குங்க" என்று சொல்லுங்கள். கேட்பது சிறிதாகவும் தெளிவாகவும் இருந்தால் வீட்டார் செய்துவிடுவார்கள்.

என் மாமியாரிடம் நான் அப்படித்தான் கேட்டேன். "அத்தை, வாரத்தில் ரெண்டு நாள், ஒண்ணே கால் மணி நேரம்" என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். இன்றுவரை அந்த நேரத்தில் வாசலில் யார் வந்தாலும் அவர்தான் எழுந்து போகிறார்.

வீட்டில் பெரியவர்கள் இல்லையென்றால், அந்த இரண்டு வேளையும் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமாக இருக்கட்டும். கைக்குழந்தை இருந்தால், அது தூங்கும் நேரத்தை இதற்கு ஒதுக்காதீர்கள். குழந்தை தூங்கும்போது நீங்களும் படுக்க வேண்டும். அந்த ஒரு வருடம் வரைபடங்கள் மட்டும் போட்டு வைத்தாலே போதும்.

3. இடத்தைத் தயார் செய்யுங்கள்

பெரிய அறை வேண்டாம். ஆனால் விரித்த வேலையை விரித்தபடியே விட்டுப் போக ஒரு மேசை வேண்டும். எடுத்து வைத்து மறுபடி விரிப்பதற்கே இருபது நிமிடம் போய்விடும். ஒன்றே கால் மணி நேரத்தில் இருபது நிமிடம் பெரிய இழப்பு.

மேசையை எங்கே போடுவது? ஜன்னல் வெளிச்சம் இடக்கைப் பக்கத்திலிருந்து விழ வேண்டும். இடக்கைக்காரர்களுக்கு வலப்பக்கத்திலிருந்து. அப்போதுதான் உங்கள் கையின் நிழல் தூரிகை முனையில் விழாது. சமையலறைக்குப் பக்கத்தில் வேண்டாம். தாளிப்புப் புகை எண்ணெய்ப் பிசுக்காகப் பலகையில் படியும், வண்ணம் ஒட்டாது.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மூன்று பொருட்களைப் பூட்டி வைக்க வேண்டும். ஒன்று, படத்தில் பதிக்கும் ஜெய்ப்பூர் கற்கள். மிட்டாய் மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடும். இரண்டு, ரேக்கு (படத்தில் ஒட்டும் மெல்லிய தங்கத் தகடு) வெட்டும் பிளேடு. மூன்று, மயில்துத்தம். புளியங்கொட்டைப் பசை கெடாமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க அதைக் கலக்கும் வழக்கம் உண்டு. அது விஷம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். கடைப் பசையே போதும்.

கரையானையும் நினைவில் வையுங்கள். பலகைகளைத் தரையிலோ சுவரை ஒட்டியோ சாய்த்து வைக்காதீர்கள். என்னிடம் பயின்ற ஒருவர் தயாரித்த எட்டுப் பலகைகளை ஐப்பசியில் ஓட்டு வீட்டுச் சுவரோடு சாய்த்து வைத்து, கார்த்திகையில் எடுத்தார். நாலு தேறியது.

4. வேலையைக் காய்ச்சல் கணக்கில் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லுக்குத் தண்ணீர் வைப்பவர்கள் "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்பார்கள். வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கக் கூடாது. பாய்ச்ச வேண்டும், காயவிட வேண்டும், மறுபடி பாய்ச்ச வேண்டும். தஞ்சாவூர் ஓவியமும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டமும் காய்ந்த பிறகே அடுத்தது. குடும்பத்துக்குள் இருந்து வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் காய்ச்சல் நேரம்தான் துணை. பலகை காயும்போது நீங்கள் சமைக்கலாம், பள்ளிக்கூடத்துக்குப் போய் வரலாம், தூங்கலாம்.

கட்டங்களை வரிசையாகச் சொல்கிறேன். எதைப் பாதியில் விடலாம், எதை விடக் கூடாது என்பதைக் கவனியுங்கள்.

*துணி ஒட்டுதல்.* தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் பருத்தித் துணியை இழுத்து ஒட்ட வேண்டும். அரை மணி நேர வேலை. இரவில் செய்யுங்கள், விடியும்வரை காயட்டும். நடுவில் காற்றுக் குமிழ் நின்றால் பின்னால் ரேக்கு அந்த இடத்தில் உப்பும். அதனால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே வாருங்கள்.

*சாக் பவுடர் பூச்சு.* பசையோடு கலந்து மெல்லியதாகப் பல பூச்சு. ஒரு பூச்சுக்குப் பத்து நிமிடம்தான். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்துகூடப் பூசலாம். ஒரே பூச்சில் கனமாக அப்பி முடித்துவிட நினைப்பவர்கள்தான் அதிகம். கனமான பூச்சில் மேல்பகுதி முதலில் காயும், உள்ளே ஈரம் நிற்கும், பிறகு வெடிக்கும். வெடித்த பலகையைத் திருத்த முடியாது.

*உப்புத்தாள் தேய்த்தல்.* கொல்லையில், மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் இல்லாதபோது. தூசி நுரையீரலுக்கு ஆகாது. உலர்த்தப் போட்ட துணி கொடியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*வரைபடம் ஏற்றுதல், கல் ஒட்டுதல்.* இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து செய்ய ஏற்ற வேலை. 1ஆம் படியில் நோட்டில் "கை ஓய்ந்த நேரம்" என்று எழுதியதெல்லாம் இதற்குத்தான்.

*மக்கு வேலை.* இங்கேதான் கவனம். படத்தில் மேடு எழுப்புவது மக்கு. சாக் பவுடரும் பசையும் சேர்ந்த அது, கலந்ததும் கிண்ணத்திலேயே இறுகத் தொடங்கும். பாதியில் எழுந்து போனால், திரும்பி வந்து தண்ணீர் ஊற்றி இளக்கத் தோன்றும். அப்படி இளக்கிய மக்கு காய்ந்ததும் உதிரும். அதனால் மக்கு வேலை "யாரும் கூப்பிடாத" நேரத்துக்கு உரியது. ஒரு தடவைக்கு இரண்டு தேக்கரண்டிக்கு மேல் கலக்காதீர்கள். கிண்ணத்தின் மேல் ஈரத்துணி போட்டு மூடுங்கள். பதம் தோசை மாவைவிடக் கெட்டி, இட்லி மாவைவிடச் சற்றே இளக்கம். உயரம் வேண்டும் என்றால் இரண்டு அடுக்காக, முதல் அடுக்கு முழுதாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

*ரேக்கு ஒட்டுதல்.* இதையும் பாதியில் விடக் கூடாது. மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும், பெருமூச்சுகூட விடக் கூடாது. தங்க ரேக்கு அவ்வளவு மெல்லியது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் இதற்கு "ஃபேன் போடாத நாள்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மார்கழி, தை மாதக் காலையில் சிரமம் தெரியாது. சித்திரையில் செய்வதாக இருந்தால் விடிவதற்கு முன் எழுந்து முடித்துவிடுங்கள். வியர்வை விரலில் ரேக்கு ஒட்டிக்கொண்டால் அது காசு.

*அடி வண்ணம்.* எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஒரு நிபந்தனையோடு. பின்னணிக்கு வேண்டிய வண்ணத்தை மொத்தமாகக் கலந்து மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று கலந்தால் அதே சிவப்பு வராது. திரைச்சீலையில் இரண்டு சிவப்பு இருக்கும் படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்த்ததுமே தெரியும், வண்ணம் கலந்துகொண்டிருந்தபோது யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்.

*முகம், கண்.* கடைசி வேலை. இரண்டு கண்ணையும் ஒரே உட்காரலில் திறங்கள். ஒரு கண்ணை இன்றும் இன்னொன்றை நாளையும் எழுதினால் பார்வை பிசகும். உடம்பு அலுத்திருக்கும் இரவில் இதைத் தொடவே தொடாதீர்கள்.

இப்போது உங்கள் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் கூப்பிடாத இரண்டு வேளையும் மக்கு, ரேக்கு, முகம் மூன்றுக்கு மட்டும். மற்றதெல்லாம் சிதறிய நேரத்தில். எப்போதும் இரண்டு படம் கையில் இருக்கட்டும், இரண்டும் வேறு வேறு கட்டத்தில். ஒன்று காயும்போது இன்னொன்றில் கை வைக்கலாம். மூன்று வேண்டாம். மூன்றாவது படம் பரணுக்குப் போவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

5. பொருளைக் குறைவாக வாங்குங்கள்

ஒரே அளவு, ஒரே கடவுள் என்று தொடங்குங்கள். 12க்கு 10 அங்குலம் நல்ல அளவு. முகத்துக்கு இடம் இருக்கும், ரேக்குச் செலவும் கட்டுக்குள் நிற்கும். அகல உழுவதைவிட ஆழ உழு என்பது இங்கே அப்படியே பொருந்தும். ஒரே பிள்ளையாரை நாலு தடவை செய்தால்தான் எந்தக் கட்டத்துக்கு எத்தனை மணி ஆகிறது என்று பிடிபடும்.

ரேக்கை ஒரு படத்துக்கு வேண்டிய அளவே வாங்குங்கள். அசல் தங்க ரேக்கும் சாயல் ரேக்கும் வாங்கும்போது ஒன்றுபோலத் தெரியும். சாயல் ரேக்கு சில வருடத்தில் கறுக்கும். பழகுவதற்குச் சாயல் ரேக்கு தாராளமாகப் போதும். ஆனால் விற்கும் படத்தில் எதை ஒட்டினீர்களோ அதையே சொல்லி விற்க வேண்டும். ஒரு படம் கறுத்தால் அந்தத் தெரு முழுக்க உங்களிடம் வாங்காது.

தூரிகையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முகத்துக்கான மூன்று பூஜ்ய (000) எண் தூரிகை நல்லதாக ஒன்று வாங்கி, வேறு யாரும் தொடாத இடத்தில் வையுங்கள். என் மகன் ஒருமுறை அதை எடுத்து அறிவியல் படத்துக்கு வண்ணம் அடித்துவிட்டான். அதன் பிறகு அவனுக்கென்று தனித் தூரிகைப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் பெட்டியை அவன் தொட்டதில்லை.

6. முதல் நாலு படத்துக்கு விலை பேசாதீர்கள், மணி குறியுங்கள்

ஒவ்வொரு படத்தின் பின்புறமும் ஒரு தாள் ஒட்டி, எந்தத் தேதியில் எத்தனை நிமிடம் வேலை செய்தீர்கள் என்று எழுதுங்கள். முதல் படத்துக்கு 50 மணி நேரம் ஆகலாம். நாலாவது 30க்கு வந்துவிடும். அந்த 30தான் உங்கள் உண்மையான கணக்கு.

இதைச் செய்யாமல் ஆர்டர் எடுப்பதுதான் நான் பார்த்த பிழைகளிலேயே பெரியது. "கிரகப்பிரவேசம் இருபது நாளில், ஒரு லட்சுமி வேணும்" என்று உறவுக்காரர் கேட்பார். வாரத்துக்கு உங்கள் கையில் பத்து மணி நேரம்தான் இருக்கிறது என்பது தெரியாமல் சரி என்று சொல்லிவிட்டு, கடைசி நாலு இரவு தூங்காமல் கண் எழுதுவீர்கள். அந்தப் படம் நன்றாக வராது. வீட்டில் எல்லோருக்கும் உங்கள் மேல் கோபமும் மிஞ்சும்.

7. விலை போடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. எண்கள் கணக்கு புரிவதற்காக. உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

பலகை, கல், ரேக்கு, வண்ணம் எல்லாம் சேர்த்து ரூ.2,400. தேக்குச் சட்டம் ரூ.900. பொதிந்து கட்டும் செலவு ரூ.200. உழைப்பு 30 மணி, மணிக்கு ரூ.90 என்றால் ரூ.2,700. கூட்டினால் ரூ.6,200. கெட்டுப்போகும் பலகைக்கும் ரேக்குக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ரூ.6,820.

புதியவர்கள் என்ன செய்கிறார்கள்? பொருளும் சட்டமும் ரூ.3,300, மேலே ஆயிரம் வைத்து ரூ.4,300 என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஆயிரத்தை 30 மணி நேரத்தில் வகுத்தால் மணிக்கு 33 ரூபாய். ஊரில் அரை நாள் நடவுக்குக் குனிந்தால்கூட இதைவிடக் கூடுதல் கிடைக்கும். வீட்டிலிருந்து செய்வதால் உழைப்புக்கு விலை இல்லை என்ற நினைப்பு முதலில் நம் மனத்திலேயே இருக்கிறது. அதை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

தங்கத்தின் விலை ஏறினால் ரேக்கின் விலையும் ஏறும். அதனால் விலை சொல்லும்போதே "பத்து நாளைக்கு இந்த விலை" என்று சொல்லிவிடுங்கள். பாதிப் பணம் முன்பணம். முன்பணம் வராமல் பலகையில் துணி ஒட்டாதீர்கள்.

உறவுக்காரர்களுக்கு எப்படி? எனக்குப் பழக்கம் இது: விலையைக் குறைக்க மாட்டேன், சட்டத்தை என் அன்பளிப்பாகக் கொடுத்துவிடுவேன். கொடுத்தது என்ன என்று அவர்களுக்கும் தெரியும், படத்தின் விலையும் ஊரில் ஒன்றாகவே நிற்கும். "சித்திக்கு மூவாயிரத்துக்குக் கொடுத்தியே" என்ற பேச்சு ஒரு தடவை கிளம்பினால் அடக்க முடியாது.

8. காகிதங்களை முடித்து வையுங்கள்

முதல் விற்பனைக்கு முன்பே, வேலை குறைவாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். வரிசை முக்கியம்.

முதலில் உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, அதோடு இணைந்த யூபிஐ. வீட்டுக்காரர் கணக்கில் பணம் வாங்காதீர்கள். அவர் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. பின்னால் கடன் கேட்கும்போது உங்கள் வரவு உங்கள் பெயரில் தெரிய வேண்டும், அதற்காகத்தான். ஆதாரிலும் வங்கியிலும் தலைப்பெழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றில் அப்பா எழுத்தும் இன்னொன்றில் கணவர் பெயரும் இருந்தால் அடுத்த ஒவ்வொரு விண்ணப்பமும் அங்கேயே நிற்கும்.

அடுத்து கைவினைஞர் அடையாள அட்டை. "பெஹ்சான்" அட்டை என்பார்கள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் வழங்குவது. அந்த அமைச்சகம் நடத்தும் கண்காட்சிகளுக்கு விண்ணப்பிக்க இது வேண்டும். நீங்கள் வேலை செய்யும் புகைப்படத்தையும் செய்து முடித்த ஓவியங்களையும் கையோடு வைத்திருங்கள்.

பிறகு உத்யம் பதிவு. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சிறுதொழில் பதிவு. அரசு இணையதளத்தில் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் போலி இணையதளங்கள் இருக்கின்றன, முகவரியைப் பார்த்து நுழையுங்கள்.

தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தச் சட்டத்தில் செய்பவர்கள் தங்களைப் பதிவு பெற்ற பயனாளராகச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. முதல் வருடத்தில் அவசரமில்லை. தொடர்ந்து விற்கத் தொடங்கிய பிறகு பாருங்கள்.

9. விற்கும் இடங்களை ஒவ்வொன்றாகத் திறங்கள்

முதலில் பக்கத்துத் தெரு. கிரகப்பிரவேசம், கல்யாணம், நவராத்திரிக் கொலு. இவர்கள் படத்தை நேரில் பார்த்து, குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அந்தச் சொல் முதல் வருடத்தில் உங்களுக்குத் தேவை.

அடுத்து கடைகள். சட்டம் போடும் கடைக்காரர் நல்ல தொடக்கம், படம் வேண்டும் என்பவர்கள் அவரிடம்தான் கேட்பார்கள். கடையில் வைத்தால் விற்ற பிறகு பங்கு எடுப்பார்களா, முழு விலைக்கு வாங்கிக்கொள்வார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எனக்கு ஒரு கடையில் வாய்ப்பேச்சாக நாலு படம் வைத்த அனுபவம் உண்டு. எட்டு மாதம் கழித்துப் போனால் இரண்டு படத்தின் மூலை உடைந்திருந்தது. யார் பொறுப்பு என்று பேச இரண்டு பேரிடமும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

தமிழக அரசின் பூம்புகார் நிறுவனத்துக்குத் தஞ்சாவூரில் விற்பனை நிலையம் இருக்கிறது. போய்ப் பாருங்கள். விற்பதற்கு முன், முகங்களை எப்படி முடித்திருக்கிறார்கள், என்ன அளவுக்கு என்ன விலை என்று அரை நாள் நின்று பார்த்தாலே பாதி வகுப்பு. அங்கே தொங்கும் படத்துக்குப் பக்கத்தில் உங்கள் படம் தொங்கினால் எப்படி இருக்கும் என்று நேர்மையாக யோசியுங்கள்.

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் அதற்குப் பிறகுதான். முதலிலேயே இதில் இறங்கினால் வேலை செய்யும் நேரத்தைப் பதில் எழுதும் நேரம் தின்றுவிடும். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், தங்கம் வெள்ளைத் திட்டாக விழும். காலை வெயில் நேராகப் படாத ஜன்னலோரத்தில், படத்தைச் சற்றுச் சாய்த்து எடுங்கள். மக்கின் மேடு நிழலோடு தெரிந்தால்தான் வாங்குபவருக்குக் கை வேலை என்று புரியும்.

வெளியூருக்கு அனுப்பும் படத்துக்குக் கண்ணாடி போடாதீர்கள். அக்ரிலிக் தகடு போடுங்கள், அல்லது சட்டம் மட்டும் போட்டு அனுப்பி, கண்ணாடியை அவர்கள் ஊரில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நாலு மூலைக்கும் அட்டை மடித்துக் கட்டி, அதற்கு மேல் தெர்மாகோல், அதற்கு மேல் பெட்டி. அனுப்பும் முன் கட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். உடைந்து போய்ச் சேர்ந்தால் பேசுவதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

10. வருடத்தைக் காவிரிப் பக்கத்து வழக்கப்படி பிரியுங்கள்

எங்கள் பக்கத்தில் வருடம் ஜனவரியில் தொடங்குவதில்லை. வேலைக்கணக்கும் அப்படித்தான்.

சித்திரை, வைகாசி: வெயில் கொளுத்தும். பலகை தயாரிக்க இதைவிட நல்ல காலம் இல்லை. பிள்ளைகளுக்கு விடுமுறை, அதனால் முகம் எழுதும் அமைதி கிடைக்காது. சரி, அது வேண்டாம். துணி ஒட்டுவதும் பூச்சுப் பூசுவதும் மட்டும் செய்து, வருடத்துக்கு வேண்டிய பலகைகளை முடித்துவிடுங்கள். நான் இருபது செய்து வைப்பேன். பிள்ளைகளும் பூச்சுப் பூச உதவுவார்கள். கோணலாகப் பூசினாலும் உப்புத்தாள் சரி செய்துவிடும்.

ஆனி முதல் ஆவணி வரை: பள்ளி திறந்துவிடும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்கும். விவசாயக் குடும்பமாக இருந்தால் குறுவை வேலையில் வீடு முழுக்க இறங்கியிருக்கும். ஆட்களுக்குச் சமைக்கும் நாட்களை முன்கூட்டியே நாட்காட்டியில் அடித்துவிடுங்கள். மீதி நாட்கள்தான் மக்குக்கும் ரேக்குக்கும் உரியவை. ஆடி வெறுமையாகப் போகும், விசேஷம் இல்லாததால் ஆர்டர் வராது. கொலுவுக்கு விற்க வேண்டிய படங்களை அப்போதே செய்யத் தொடங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழை. மக்கு இரண்டு நாளாகியும் ஈரமாகவே இருக்கும், அதில் பூஞ்சை பூக்கும். இந்த இரண்டு மாதத்தில் புது மக்கு போடாதீர்கள். புரட்டாசிக்குள் மக்கும் ரேக்கும் முடித்த படங்களுக்கு வண்ணம் அடியுங்கள். தயாரித்த பலகைகளைத் துணியில் சுற்றி மேல் அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் சுற்றினால் உள்ளே வியர்க்கும்.

தை: கல்யாணமும் கிரகப்பிரவேசமும் தொடங்கும். பெரும்பாலும் ஜனவரியில் வரும் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனைக்கு வெளியூர் மக்கள் நிறைய வருவார்கள். அதற்குச் சிறிய அளவில், 6க்கு 8 அங்குலத்தில் சில படம் தயாராக வைத்திருங்கள். பையில் வைத்து ரயிலில் எடுத்துப் போகிற அளவுதான் அப்போது விற்கும்.

மாசி, பங்குனி: சம்பா அறுப்பு ஒரு பக்கம், பிள்ளைகளின் தேர்வு ஒரு பக்கம். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வருடம் மாசியில் புது ஆர்டர் எடுக்காதீர்கள். நான் ஒருமுறை எடுத்தேன். மகளின் கணிதத் தேர்வுக்கு முந்தைய இரவு அவள் பாடம் ஒப்பிக்க வந்தபோது என் கையில் மக்குக் கிண்ணம் இருந்தது. "பரவாயில்லைம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு வந்த எந்த மாசியிலும் நான் ஆர்டர் வாங்கவில்லை.

11. வகுப்பு எடுப்பதானால்

மாதாமாதம் நிலையான பணம் வகுப்பில்தான் வரும். ஆனால் குறைந்தது இருபது படம் முடித்த பிறகு தொடங்குங்கள். மாணவரின் மக்கு ஏன் வெடித்தது என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு குழுவில் நாலு பேருக்கு மேல் வேண்டாம். ரேக்கு ஒட்டும் நாளில் ஒவ்வொருவர் கையையும் பார்க்க வேண்டியிருக்கும். உங்களுடைய அந்த இரண்டு வேளையை வகுப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள், வேறு நாளில் வையுங்கள்.

12. வேலை நின்றுபோனால் திரும்பத் தொடங்கும் முறை

பிள்ளைக்கு டெங்கு வரும், மாமனாருக்கு ஆபரேஷன் நடக்கும், இரண்டு மாதம் தூரிகையைத் தொட்டிருக்க மாட்டீர்கள். இது எல்லோருக்கும் நடக்கும். அதற்காக இரண்டு ஏற்பாடு முன்பே செய்து வையுங்கள். ஆர்டர் தேதி சொல்லும்போது உங்கள் கணக்குக்கு மேல் பதினைந்து நாள் கூட்டிச் சொல்லுங்கள். முடித்த படம் ஒன்று எப்போதும் அலமாரியில் இருக்கட்டும். கை நின்ற மாதத்தில் அதை விற்கலாம்.

திரும்ப உட்காரும்போது, பாதியில் நின்ற படத்தின் முகத்தில் போய்க் கை வைக்காதீர்கள். இரண்டு மாதம் எழுதாத கை நடுங்கும், அந்தப் படம் கெடும். முதல் நாள், பாதியில் நின்ற படத்தைத் தூசி தட்டி, மக்கில் விரிசல் இருக்கிறதா, ரேக்கு எங்காவது தூக்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் நாள் ஒரு பழைய அட்டையில் பத்துக் கண் எழுதுங்கள். மூன்றாம் நாள் அடி வண்ணம். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அட்டையில் எழுதும் கண் பழையபடி ஒரே இழுப்பில் வந்ததும், படத்தை எடுத்து மேசையில் வையுங்கள்.